56 வயதில் விருப்ப ஓய்வு: நிலக்காட்சிப் படம் எடுக்க எங்கிருந்து தொடங்குவது?

ஓய்வு_மதுரை (கேள்வி)

வணக்கம். வரும் மார்ச் கடைசியோடு விருப்ப ஓய்வு. வயது 56. மதுரையில் சொந்த வீடு, ஒரு சின்ன கார் இருக்கு. மலை, கடல், அணை, வயல் என்று நிலக்காட்சிப் படம் எடுப்பதை முறையாகக் கற்றுக்கொண்டு அதற்காகவே பயணம் போகலாம் என்று திட்டம். இதுவரை போன் கேமராதான். சந்தேகங்கள் இவை:

கேமரா, லென்ஸ், மற்ற சாமான் எல்லாம் சேர்த்து ஒன்றரை லட்சம் வரை போகலாம். கடைக்காரர் ஃபுல் ஃப்ரேம் (பெரிய சென்சார் கேமரா) இல்லாமல் நிலக்காட்சி எடுக்க முடியாது என்கிறார். உண்மையா?

முதல் வருடம் தமிழ்நாட்டுக்குள் எந்த மாதம் எங்கே போகலாம்? மனைவியும் வருவார். எனக்கு முழங்காலில் லேசான வலி, சர்க்கரைக்கு மாத்திரை. நீண்ட மலையேற்றம் முடியாது.

ஜூனில் லடாக் போகச் சொல்லி நண்பர்கள் அழைக்கிறார்கள். முதல் வருடமே போகலாமா?

பயணத்துக்கென்று பணத்தை எப்படிப் பிரித்து வைப்பது? இதை ஏற்கெனவே செய்துகொண்டிருப்பவர்கள் சொன்னால் நல்லது.

முக்காலி

கடைக்காரர் சொல்வதைக் காதில் போட்டுக்கொள்ளாதீங்க சார். நிலக்காட்சியில் கேமரா ட்ரைபாட் மேல் நிற்கிறது, ஐஎஸ்ஓ (ஒளி உணர்திறன்) 100-லேயே எடுக்கிறீங்க. அந்த நிலையில் 24 மெகாபிக்சல் ஏபிஎஸ்-சி என்ற சற்றுச் சிறிய சென்சாருக்கும் ஃபுல் ஃப்ரேமுக்கும் உள்ள வித்தியாசம் இரண்டடி பிரிண்டில் தெரியாது. ஆனால் எடையில் தெரியும். ஃபுல் ஃப்ரேம் பாடி, அதற்கான இரண்டு நல்ல லென்ஸ் சேர்த்தால் 2 கிலோவைத் தாண்டிவிடும். ஏபிஎஸ்-சியில் அதே வேலைக்கு ஒரு கிலோ சொச்சம். முழங்கால் வலி உள்ளவருக்கு அந்த ஒரு கிலோதான் முக்கியம்.

வாங்க வேண்டியது: மிரர்லெஸ் ஏபிஎஸ்-சி பாடி ஒன்று, கூட வரும் 16–50 அல்லது 18–45 கிட் லென்ஸ், 55–250 மிமீ மாதிரி ஒரு டெலி (தூரத்தை அருகில் இழுத்துக் காட்டும் லென்ஸ்). அல்ட்ரா வைடு (மிக அகலமாகக் காட்டும் லென்ஸ்) இப்போது வேண்டாம். புதிதாக எடுப்பவர்கள் முதலில் அதைத்தான் வாங்குகிறார்கள், பிறகு பாதிப் படத்தில் வெறும் வானமும் வெறும் தரையும்தான் மிஞ்சும். நம் மலைகளில் அடுக்கடுக்காக மடிப்புகள் தெரிவதைப் பிரித்துக் காட்டுவது 100 முதல் 200 மிமீ வரையிலான டெலிதான்.

வ்யூஃபைண்டர் (கண்ணை வைத்துப் பார்க்கும் துளை) இல்லாத மாடலை மட்டும் எடுக்காதீங்க. இந்த வயதில் வெள்ளெழுத்து இருக்கும். பின்பக்கத் திரையைப் பார்க்க ஒரு கண்ணாடி, மலையைப் பார்க்க அது வேண்டாம் என்று நாள் முழுக்கக் கழற்றி மாட்ட வேண்டியிருக்கும். வ்யூஃபைண்டர் பக்கத்தில் டயாப்டர் திருகு ஒன்று உண்டு. கண்ணாடி போடாமல் உள்ளே பார்த்து, எண்கள் பளிச்சென்று தெரியும்வரை அதைத் திருகுங்க. அப்புறம் ஃபோகஸ், ஹிஸ்டோகிராம் (வெளிச்சம், நிறங்களின் அளவைக் காட்டும் வரைபடம்), மெனு எல்லாவற்றையும் அதற்குள்ளேயே பார்த்துக்கொள்ளலாம். பைக்குள் உரசி இந்தத் திருகு தானாக நகர்ந்துவிடும். திடீரென்று எல்லாம் மங்கலாகத் தெரிந்தால் லென்ஸைச் சந்தேகப்படுவதற்கு முன் இதைப் பாருங்க. உள்ளே தெரியும் எண்களும் சேர்ந்து மங்கலாக இருந்தால் கோளாறு திருகில்தான்.

ட்ரைபாட்: நடு கம்பத்தை உயர்த்தாமலே கண் மட்டத்துக்கு வர வேண்டும். ஐந்தரை அடி ஆளுக்கு கால்கள் மட்டும் 130–135 செ.மீ. இருந்தால் போதும், மேலே ஹெட்டும் கேமராவும் இன்னொரு 20 செ.மீ. தரும். நடு கம்பத்தைத் தூக்கினால் காற்றில் கொடிக்கம்பம் மாதிரி ஆடும். கார்பன் ஃபைபர் கட்டுப்படியாகாவிட்டால் அலுமினியம் போதும், அரை கிலோ கூடும் அவ்வளவுதான். ஆயிரம் ரூபாய் வீடியோ ட்ரைபாட் மட்டும் வேண்டவே வேண்டாம். காற்றில் பையை ட்ரைபாட் கொக்கியில் தொங்கவிடும்போது அதன் அடி தரையைத் தொட்டுக்கொண்டிருக்கட்டும். அந்தரத்தில் தொங்கினால் ஊசலாடி இன்னும் கெடுக்கும். கேமரா வாரையும் கழற்றிடுங்க.

ஃபில்டரில் முதலில் வட்டப் போலரைசர். அருவி, ஈர இலை, ஈரப் பாறை மேல் இருக்கும் வெள்ளைப் பளபளப்பை நீக்குவது அது ஒன்றுதான், கம்ப்யூட்டரில் பிறகு செய்ய முடியாது. ஒன்றரை ஸ்டாப் வெளிச்சத்தை அது தின்னும் (ஒரு ஸ்டாப் என்றால் வெளிச்சம் பாதியாவது) என்பதால் நிழலான அருவியில் ஐஎஸ்ஓ 100, எஃப்/11 (அப்பர்ச்சர், அதாவது லென்ஸ் துளையின் அளவு) வைத்தாலே ஷட்டர் மூன்றில் ஒரு நொடிக்கு வந்துவிடும். தண்ணீர் பட்டுப்போல விழ அது போதும், என்டி ஃபில்டர் (வெளிச்சத்தைக் குறைக்கும் கறுப்புக் கண்ணாடி) தேவைப்படாது. நீல வானத்துக்குப் போலரைசர் போடும்போது சூரியனுக்கு 90 டிகிரியில் உள்ள பகுதிதான் அதிகம் கறுக்கும். 16 மிமீ வைடில் வானத்தின் ஒரு பட்டை மட்டும் கறுத்து அசிங்கமாக இருக்கும்.

செட்டிங்: எஃப்/8, ஐஎஸ்ஓ 100, ரா ஃபார்மட் (கேமரா பதப்படுத்தாத மூலக் கோப்பு), 2 நொடி டைமர். 16 மிமீயில் எஃப்/8 வைத்து 1.6 மீட்டர் தூரத்தில் ஃபோகஸ் செய்தால் 80 செ.மீ.யிலிருந்து கண்ணுக்கெட்டிய தூரம்வரை கூர்மை. தூரத்தைக் கண்ணால் அளப்பது கடினம் என்பதால் 2 மீட்டரில் உள்ள கல்லையோ புல்லையோ பெரிதாக்கிப் பார்த்து ஃபோகஸ் செய்துவிட்டு மேனுவலுக்கு மாற்றிடுங்க. எஃப்/16, எஃப்/22 போனால் எல்லாம் கூர்மையாகும் என்று நினைப்பது தவறு. ஏபிஎஸ்-சியில் எஃப்/11-ஐத் தாண்டினால் டிஃப்ராக்ஷனால் (சிறு துளையில் ஒளி வளைந்து பரவுவது) படம் முழுவதுமே மெல்ல மழுங்கும்.

சூரியோதயத்தில் ஹிஸ்டோகிராமின் சிவப்பைத் தனியாகப் பாருங்க. மொத்த வெளிச்சம் சரியாகத் தெரிந்தாலும் சிவப்பு மட்டும் வலது ஓரத்தில் முட்டியிருக்கும், பிறகு ஆரஞ்சு வானம் வெறும் மஞ்சள் திட்டாக நிற்கும். ஒரு ஸ்டாப் குறைத்து எடுங்க, அல்லது இரண்டு ஸ்டாப் இடைவெளியில் மூன்று ஃப்ரேம் எடுத்துப் பிறகு ஒன்றாகச் சேருங்க.

ட்ரோன் வாங்கும் எண்ணம் இருந்தால் தள்ளிப்போடுங்க. புலிகள் காப்பகத்திலும் ராமேஸ்வரம் மாதிரி எல்லையோரக் கடற்கரையிலும் அனுமதியில்லாமல் பறக்கவிட்டால் ட்ரோனும் போகும், மரியாதையும் போகும்.

ஆழியாறு40

கருவி பற்றி மேலே சொல்லியாச்சு. நான் மலைக்கு மட்டும்.

வேலையில் இருப்பவனுக்குச் சனி, ஞாயிறு ரெண்டு நாள். மூடுபனி வந்தால் அவன் சும்மா திரும்ப வேண்டியதுதான். உங்களிடம் இருப்பது வார நாள். அதைச் செலவழிக்கத் தெரிஞ்சாலே பாதிப் படம் கிடைச்ச மாதிரி. பத்து நாளில் ஆறு ஊர் சுற்றாதீங்க. ஒரே ஊரில் ஏழு நாள் இருங்க, ஞாயிறு மதியம் கூட்டம் இறங்கும்போது நீங்கள் ஏறுங்க, சனிக்குள் இறங்கிடுங்க. வார வாடகை பேசினால் அறையும் மலிவு. முதல் ரெண்டு நாள் கேமராவை அதிகம் எடுக்காமல் எந்த மேடு எத்தனை மணிக்கு வெளிச்சம் வாங்குது, மஞ்சு எந்தப் பள்ளத்திலிருந்து ஏறுது என்று பாருங்க.

நீங்கள் ஏப்ரலில் தொடங்குறீங்க. ஏப்ரல், மே மலைக்குச் சரியான மாதம் இல்லை. புழுதி மூட்டம், காய்ஞ்ச புல், கோடைக் கூட்டம். காட்டுத்தீ பயத்தில் பிப்ரவரி நடுவிலிருந்து ஏப்ரல் நடுவரை வனத்துறை மலையேற்றப் பாதைகளையும் மூடிவிடும். 2018 மார்ச்சில் குரங்கணிக் காட்டுத்தீயில் மலையேறியவர்கள் இறந்ததற்குப் பிறகு இதில் சமரசம் கிடையாது. அந்த ரெண்டு மாதமும் வீட்டுப் பக்கத்திலேயே கை பழகுங்க. கீழக்குயில்குடி சமணர் மலை, ஒத்தக்கடையிலிருந்து தெரியும் யானைமலை, அரிட்டாபட்டி. அரிட்டாபட்டி 2022-ல் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்ட இடம். மொட்டைப் பாறை காலை முதல் கால்மணி நேரம் தேன் நிறத்தில் இருக்கும், ஏழரைக்கெல்லாம் சாம்பல். ஒரே பாறையைப் பத்து நாள் காலையில் எடுத்தால் எக்ஸ்போஷர் (படத்துக்கான வெளிச்ச அளவு) தானாகக் கைக்கு வந்திடும்.

ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவமழை. வால்பாறை, மேகமலை பச்சையாக இருக்கும், அருவியில் தண்ணீர் இருக்கும், ஆனால் ஜூலையில் நாள் கணக்கில் குடையை மடக்க முடியாது. செப்டம்பர் கடைசி, அக்டோபர் முதல் பாதிதான் வால்பாறைக்கு என் கணக்கு. மழை விட்டு விட்டு வரும், விடும் அந்த அரைமணி நேரத்தில் காற்று கழுவினது மாதிரி இருக்கும். ஆழியாறிலிருந்து 40 கொண்டை ஊசி வளைவு. 9-வது வளைவுப் பார்வைமுனையில் கீழே அணை தெரியும், பாறை ஓரத்தில் வரையாடு நிற்கும். அதுக்குச் சிப்ஸ் போடாதீங்க. இரவில் வனச் சோதனைச்சாவடி வழியாக விட மாட்டாங்க, அதனால் விடியற்காலைப் படத்தை மேலே தங்கித்தான் எடுக்கணும்.

தேயிலைத் தோட்டம் பெரும்பாலும் தனியார் இடம். சாலையோரத்தில் நின்று எடுப்பதற்கு யாரும் ஒன்றும் சொல்வதில்லை, வரிசைக்குள் இறங்கினால் கேள்வி வரும். விடியற்காலை, அந்தி ரெண்டும் யானை நடமாடும் நேரம், நம்முடைய நேரமும் அதுவே. வால்பாறையில் நேச்சர் கன்சர்வேஷன் ஃபவுண்டேஷன் முயற்சியில் பல இடங்களில் சிவப்பு எச்சரிக்கை விளக்கு வைத்திருக்காங்க, அருகில் யானை நின்றால் எரியும். எரிந்தால் அன்றைக்கு அந்த வழியில் படம் இல்லை, அவ்வளவுதான். மழைக்காலத்தில் புல்லில் கால் வைத்தால் அட்டை ஏறும். முழங்கால்வரை துணி அட்டைச் சாக்ஸ், அதன் மேல் மூக்குப்பொடியோ உப்போ.

கொடைக்கானல் மழை பெருமளவு வடகிழக்குப் பருவத்தில். நவம்பரில் மழை ஓய்ந்த மறுநாள் காலைக்காகக் காத்திருங்க. தூண்பாறையைப் பத்து, பதினொரு மணிக்கு மேல் பெரும்பாலும் மேகம் மூடிடும், காலையிலேயே போயிடுங்க. கோக்கர்ஸ் வாக்கில் வெயில் முதுகில் விழும்போது எதிர்ப்பள்ளத்தில் மேகம் நின்றால், மேகத்தின் மேல் உங்கள் நிழலும் அதைச் சுற்றி வானவில் வளையமும் விழும். கூட்டத்தை விட்டு விலகணும்னா பூம்பாறை, மன்னவனூர். பூம்பாறைப் படிக்கட்டு வயல்களைச் சாலையிலிருந்தே 100–200 மிமீயில் எடுக்கலாம், ஒரு அடி நடக்க வேண்டாம். பக்கவாட்டு வெளிச்சம் இருக்கும்போதுதான் படிகள் தனித்தனியாகத் தெரியும், உச்சி வெயிலில் எல்லாம் ஒரே பச்சைத் தட்டு.

கொடைக்கானல், நீலகிரி ரெண்டுக்கும் உயர்நீதிமன்ற உத்தரவால் 2024 மே 7 முதல் காருக்கு இ-பாஸ். 2025 கோடையில் கொடைக்கானலுக்கு வார நாளில் 4,000 வண்டி, வார இறுதியில் 6,000 என்று வரம்பும் வைத்தாங்க. கிளம்பும் முன் போட்டு வைத்திடுங்க, மலையடியில் நின்று போனில் போட நினைத்தால் சிக்னல் இருக்காது. இறங்கும்போது இரண்டாம் கியர், பிரேக்கை மிதித்தபடியே வராதீங்க. சூடேறினால் பிரேக் பிடிக்காது.

நடக்க ஆசை வந்தால் வனத்துறையின் 'ட்ரெக் தமிழ்நாடு' தளத்தில் 40 பாதைகள் இருக்கு, எளிது முதல் கடினம் வரை பிரித்துப் போட்டிருப்பாங்க. எளிது என்று போட்டதை மட்டும் பாருங்க. முழங்கால் ஏறும்போது ஒன்றும் சொல்லாது, இறங்கும்போதுதான் தெரியும். இறக்கத்தில் ரெண்டு கைத்தடி. ட்ரைபாடைத் தடியாக ஊன்றாதீங்க, கால் பூட்டு பழுதாகும்.

சர்க்கரை மாத்திரை போடுறவர் விடியற்காலை வெறும் வயிற்றில் மேடேறுவது ஆபத்து. சில மாத்திரைகள் சர்க்கரையைத் தடாலென்று இறக்கும். உங்களுடையது அந்த வகையா என்று மருத்துவரிடம் கேளுங்க. ரெண்டு பிஸ்கட் தின்றுவிட்டுக் கிளம்புங்க, சட்டைப் பையில் குளுகோஸ் இருக்கட்டும். கேமரா பையில் வேண்டாம், அது காரிலேயே கிடக்கும்.

நீலக்குறிஞ்சி அடுத்து 2030-ல். கடைசியாக மூணாறு பக்கம் 2018-ல் பூத்தது. அதற்குள் கை நன்றாகப் பழகியிருக்கும்.

அரிச்சல்முனை

கடல் பக்கத்துக்கு நான் சொல்கிறேன். மதுரைக்காரர் தனுஷ்கோடியை விட்டால் குற்றம்.

டிசம்பர், ஜனவரியில் வாருங்கள். காரணம் இரண்டு. சாலை இரவில் மூடியிருக்கும், காலையில்தான் விடுவார்கள். ஜூனில் இங்கே சூரியன் ஆறு மணிக்கு முன்பே எழுந்துவிடும், சாவடி திறந்து போவதற்குள் எல்லாம் முடிந்திருக்கும். ஜனவரியில் 6.35 வாக்கில்தான் உதயம் என்பதால் நேரம் கிடைக்கும். முதல் நாள் மாலையே சாவடியில் திறக்கும் நேரத்தைக் கேட்டுவிடுங்கள்.

இரண்டாவது திசை. தனுஷ்கோடி மண்திட்டு அரிச்சல்முனை வரை தென்கிழக்காக நீள்கிறது. ஜூன் சூரியன் வடகிழக்கில், முனையிலிருந்து வெகுதூரம் இடப்புறம் தள்ளி எழும். முனையும் சூரியனும் ஒரே ஃப்ரேமில் வராது. டிசம்பர் கடைசியில் அது கிழக்கிலிருந்து 23 டிகிரி தெற்கே நகர்ந்திருக்கும், முனைக்குச் சற்று இடப்பக்கம். 16 மிமீயில் படுக்கைவாக்கில் வைத்தால் இரண்டும் சேர்ந்து அடங்கும்.

முனையில் நின்றால் இடப்பக்கம் பாக் நீரிணை, வலப்பக்கம் மன்னார் வளைகுடா. இங்குள்ளவர்கள் பெண்கடல், ஆண்கடல் என்பார்கள். வடகிழக்குக் காற்று அடிக்கும் மாதங்களில் பெண்கடல்தான் கொந்தளிக்கும், ஆண்கடல் பக்கம் அடங்கியிருக்கும். தென்மேற்குக் காற்றில் தலைகீழ். கண்ணாடி போன்ற நீர்ப்பரப்பு வேண்டுமா, அலை சிதறல் வேண்டுமா என்பதைக் காற்றைப் பார்த்து முடிவு செய்யலாம், சாலையைத் தாண்டினால் அடுத்த கடல். எந்தப் பக்கமானாலும் தண்ணீரில் இறங்காதீர்கள், இழுவை மோசம். 1964 டிசம்பர் புயலில் இடிந்த தேவாலயத்துக்கு மாலை வெயில் பொருந்தும், ஆனால் வண்டிகளைத் திருப்பி அனுப்பும் நேரத்தைக் கணக்கில் வையுங்கள்.

ஈர மணலில் ட்ரைபாட் வைத்தவுடன் எடுக்கக் கூடாது. ஒவ்வொரு காலையும் கையால் அழுத்தி, இனி இறங்காது என்ற நிலை வந்த பிறகுதான் ஃப்ரேம் கட்ட வேண்டும். அலை வந்து திரும்பும்போது காலடி மணலை அரிக்கும், 4 நொடி எக்ஸ்போஷரில் ட்ரைபாட் இரண்டு மில்லிமீட்டர் சாய்ந்தாலே தொடுவானம் இரட்டைக் கோடாகும். கீழ்க்கடைசிக் கால் துண்டை முதலில் இழுத்து நீட்டுங்கள், அப்போது பூட்டு தண்ணீருக்கு மேலே நிற்கும். வழக்கமாக மேல் துண்டை முதலில் நீட்டுவோம், இங்கே வேண்டாம். அறைக்கு வந்ததும் நல்ல தண்ணீரில் கழுவி, கால்களை நீட்டியே உலர்த்துங்கள். மடக்கி வைத்தால் உப்பு உள்ளேயே உறையும்.

நீண்ட எக்ஸ்போஷரில் 'லாங் எக்ஸ்போஷர் நாய்ஸ் ரிடக்‌ஷன்' என்ற அமைப்பை அணைத்துவிடுங்கள். 30 நொடி எடுத்தால் இன்னொரு 30 நொடி கேமரா தானாகக் கறுப்புப் படம் எடுத்துக்கொண்டிருக்கும், உதயத்தின் நல்ல நிறமே அந்த ஒரு நிமிடம்தான். 10 ஸ்டாப் என்டி போடுவதானால் போடுவதற்கு முன்பே ஃபோகஸ் செய்து மேனுவலில் பூட்டுங்கள், போட்ட பிறகு ஒன்றும் தெரியாது.

லென்ஸ் மேல் உப்புப் படலம் கண்ணுக்குத் தெரியாது, படம் மட்டும் சாம்பல் பூத்திருக்கும். உலர்ந்த துணியால் தேய்த்தால் மணலும் உப்பும் சேர்ந்து கீறும். முதலில் ரப்பர் காற்றூதியால் ஊதுங்கள், பிறகு நல்ல தண்ணீரில் நனைத்துப் பிழிந்த மைக்ரோஃபைபர் துணி, கடைசியில்தான் லென்ஸ் திரவம். காற்று அடிக்கும் முனையில் லென்ஸை மாற்றவே வேண்டாம்.

ஏசி அறையில் தூங்கி எழுந்து வெளியே வந்ததும் லென்ஸ் பனித்துப்போவது இங்கே தினசரிக் காட்சி. அறை 22 டிகிரி, வெளியே 27 டிகிரியும் 85 சதவீத ஈரப்பதமும் என்றால் பனிநிலை (காற்றின் ஈரம் நீராகப் படியும் வெப்பநிலை) 24 டிகிரிக்கு மேல். அதற்குக் கீழே குளிர்ந்திருக்கும் எந்தக் கண்ணாடியிலும் நீர் படிந்தே தீரும், துடைத்தால் மறுபடி படியும். கேமரா பையை ஜிப் போட்டு இரவே குளியலறையில் வையுங்கள், ஏசி காற்று அங்கே போகாது. மறந்துவிட்டால் பையைத் திறக்காமல் காரில் ஏசி இல்லாமல் அரைமணி நேரம்.

வீட்டில் வைப்பது பற்றியும் சொல்லிவிடுகிறேன். மதுரை வறண்ட ஊர்தான், ஆனாலும் அக்டோபர் முதல் டிசம்பர் வரை பூஞ்சை வரும். கேமரா பையிலேயே வைத்துப் பூட்டாதீர்கள், பையின் பஞ்சு ஈரத்தைப் பிடித்து வைத்திருக்கும். காற்றுப் புகாத சமையலறை டப்பா, கால் கிலோ ஆரஞ்சு சிலிகா ஜெல், உள்ளே ஒரு சின்ன ஈரப்பதமானி. 40–50 சதவீதத்தில் நிறுத்துங்கள். 60-ஐத் தாண்டினால் பூஞ்சைக்கு வரவேற்பு. 30-க்குக் கீழே போகவும் வேண்டாம், ரப்பர் காயும். ஜெல் நிறம் மாறினால் மின் அடுப்பில் (ஓவன்) 110–120 டிகிரியில் இரண்டு மணி நேரம். அலமாரியில் வைத்து மூன்று மாதம் எடுக்காமலே இருக்கும் லென்ஸுக்குத்தான் முதலில் பூஞ்சை வரும்.

ஓய்வு_மதுரை

மூவருக்கும் நன்றி. ஏபிஎஸ்-சி என்று முடிவு செய்துவிட்டேன். இரவு வானம் பற்றி யாரும் சொல்லவில்லையே, பால்வெளி நம் பக்கம் எடுக்க முடியுமா? பணம், லடாக் இரண்டும் பாக்கி. இன்னொன்று, மனைவிக்குப் படம் எடுப்பதில் ஆர்வம் இல்லை. விடியற்காலையில் அவரையும் எழுப்பிக் கூட்டிப்போவது பாவம்.

முக்காலி

எழுப்பாதீங்க. நிலக்காட்சிக்கான வெளிச்சம் உதயத்துக்கு முன் முக்கால் மணியிலிருந்து எட்டு மணி வரை, பிறகு மாலை ஐந்திலிருந்து ஏழு வரை. நடுவில் உள்ள ஒன்பது மணி நேரம் முழுக்க அவங்களோடது. ஊருக்கு நடுவில், கடை கோயில் நடந்து போகும் தூரத்தில் அறை எடுங்க. பார்வைமுனை ஓரத்து ரிசார்ட் உங்களுக்கு வசதி, அவங்களுக்குச் சிறை.

பால்வெளி: நம் அட்சரேகையில் அதன் மையப்பகுதி பிப்ரவரியிலிருந்து அக்டோபர் வரை கிடைக்கும். மழை மாதங்கள் போக உருப்படியான காலம் பிப்ரவரி முதல் ஏப்ரல், அமாவாசையை ஒட்டிய நாட்களில் அதிகாலை 3 முதல் 5 வரை. ஏபிஎஸ்-சி 16 மிமீ என்பது ஃபுல் ஃப்ரேமில் 24 மிமீக்குச் சமம், அதனால் 500-ஐ 24-ஆல் வகுத்து 20 நொடி என்பார்கள். 24 மெகாபிக்சலில் அது நட்சத்திரத்தைக் கோடாக்கும், 12–13 நொடியில் நிறுத்துங்க. லென்ஸின் முழு அப்பர்ச்சர், ஐஎஸ்ஓ 3200. ஃபோகஸை ஆட்டோவில் விடாமல் பிரகாசமான நட்சத்திரத்தைத் திரையில் 10 மடங்கு பெரிதாக்கி, புள்ளி மிகச் சிறியதாகும்வரை கையால் திருப்புங்க. கண் இருட்டுக்குப் பழக 20–30 நிமிடம் ஆகும், நடுவில் ஒருமுறை போனைப் பார்த்தால் மறுபடி முதலிலிருந்து. சிவப்பு டார்ச் வைத்துக்கொள்ளுங்க. காட்டுப் பக்கம் போகாமல் ஊர் வெளிச்சம் இல்லாத கண்மாய்க்கரை போதும், கூட ஒரு ஆள் இருக்கட்டும்.

கணக்குப்பிள்ளை

முதலில் காப்பீடு. அலுவலகக் குழு மருத்துவக் காப்பீடு கடைசி வேலைநாளோடு முடியும். அதே நிறுவனத்தின் தனிநபர் பாலிசிக்கு மாற்றிக்கொள்ள வேலையில் இருக்கும்போதே, ஒன்றரை மாதம் முன்பாக எழுத்தில் கேளுங்கள். அப்படி மாற்றினால் ஏற்கெனவே கழிந்த காத்திருப்புக் காலம் கணக்கில் வரும். புதிதாக எடுத்தால் சர்க்கரை 'முன்பே உள்ள நோய்' ஆகும், 2024 விதிப்படி அதிகபட்சம் 3 வருடம் அது தொடர்பான செலவு கிடைக்காமல் போகலாம். விண்ணப்பத்தில் சர்க்கரையை மறைக்காதீர்கள்.

அடுத்து, மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டம் 60 வயதுக்கு மேல்தான் என்று பலர் விட்டுவிடுகிறார்கள். 55-ஐத் தாண்டி விருப்ப ஓய்வில் வந்தவர், ஓய்வுப் பலன் கைக்கு வந்த 3 மாதத்துக்குள் போடலாம். போடும் தொகை அந்தப் பலனைத் தாண்டக் கூடாது, உச்சவரம்பு 30 லட்சம். 2023 ஏப்ரலிலிருந்து வட்டி 8.2 சதவீதம். முழுத் தொகை போட்டால் காலாண்டுக்கு 61,500 ரூபாய், வரிக்கு உட்பட்டது. போட்ட நாளில் இருந்த வட்டி ஐந்து வருடமும் மாறாது. இதில் ஒரு பங்கைப் பயணக் கணக்கு என்று தனி வங்கிக் கணக்கில் விழும்படி வைத்தால், காலாண்டுக்கு ஒரு பயணம் தானாகவே ஒழுங்குக்கு வரும். அந்தக் கணக்கில் இல்லாத பணத்தில் பயணம் கிடையாது.

ஓய்வின் முதல் ஐந்து வருடத்தில் சந்தை விழுந்து, அப்போது மியூச்சுவல் ஃபண்டை விற்றுச் செலவு செய்தால் பிறகு சந்தை ஏறினாலும் மூலதனம் மீளாது. வீட்டுச் செலவு மூன்று வருடத்துக்கு உரியதை எஃப்டியில் வையுங்கள். சந்தை விழும் வருடத்தில் குறைக்க முடிந்த ஒரே பெரிய செலவு பயணம்தான், அந்த வருடம் அரிட்டாபட்டியோடு நில்லுங்கள். லென்ஸைப் பயணக் கணக்கிலிருந்தே வாங்குங்கள். தனியாக வாங்கினால் எவ்வளவு போகிறது என்று தெரியாது.

ரயில்: மூத்த குடிமக்கள் கட்டணச் சலுகை 2020 மார்ச்சோடு நின்றது. கீழ் பெர்த் ஒதுக்கீடு பெண்களுக்கு 45 வயதிலிருந்து, ஆண்களுக்கு 60-லிருந்து. மனைவிக்கு 45 ஆகியிருந்தால் தனி டிக்கெட்டில் அந்த ஒதுக்கீட்டில் வருவார், நீங்கள் இன்னும் நான்கு வருடம் மேலேதான் ஏற வேண்டும்.

ஆழியாறு40

லடாக் பற்றி: ஜூனில் வேண்டாம், முதல் வருடமும் வேண்டாம் என்பேன். லே 3,500 மீட்டர் உயரம். விமானத்தில் போய் இறங்கினால் முதல் 48 மணி நேரம் அறையிலேயே இருக்கணும். நண்பர்கள் குழு அதற்கு நாள் ஒதுக்க மாட்டாங்க, மறுநாளே பாங்காங் கிளம்புவாங்க, அது 4,200 மீட்டருக்கு மேல். தலைவலி, வாந்தி வந்தால் இன்னும் மேலே ஏறக் கூடாது, இறங்கணும். உயர நோய்க்கான மாத்திரையைச் சர்க்கரை மாத்திரையோடு சேர்த்துப் போடலாமா என்பதை மருத்துவர்தான் சொல்லணும். சர்க்கரை பார்க்கும் மீட்டரும் கடும் குளிரில் தப்பாகக் காட்டும், சட்டைக்குள் வைத்திருங்க. கேமரா பேட்டரியும் அப்படியே, உடம்புச் சூட்டில் ரெண்டு இருக்கட்டும்.

படத்துக்கென்றே பார்த்தாலும் செப்டம்பர்தான் நல்லது. ஜூன், ஜூலையில் பனி உருகி சிந்து நதி சேற்று நிறத்தில் ஓடும். செப்டம்பர் கடைசியில் தண்ணீர் தெளிஞ்சு நீலப்பச்சையாகும், அக்டோபர் தொடக்கத்தில் பாப்ளர் மரங்கள் மஞ்சளாகும். அங்கே போலரைசரை முழுசாகத் திருப்பாதீங்க. அந்த உயரத்தில் வானம் ஏற்கெனவே கருநீலம், முழுசாகத் திருப்பினால் நடுப்பகலில் எடுத்த படத்தில் வானம் கறுப்பாகவே விழும். கால்வாசித் திருப்பு போதும்.